போயிட்டு வாரேன் பட்டன்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த அக்காவிடம் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. சொன்னவர் படி இறங்குவதற்குள் கல்லா மேசைக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"அண்ணே, நில்லுங்க. என்னா சொன்னீங்க?"

"போறேம்மான்னேன்."

"எங்க போறீங்க? திரும்ப வரமாட்டீங்களா? வாரேன்னு சொல்லிட்டுக் கெளம்புங்க."

அவரும் அசட்டுச் சிரிப்போடு "வாரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒன்றும் சொல்லாமலே எழுந்து போகிறவர்களின் கதி இதைவிட மோசம். ஒரு நாள் திண்டுக்கல் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டு ஒருவர் பாதி மெயிலில் எழுந்து ஓடினார். அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினார். அந்த மனிதர் எதையோ வைத்துவிட்டு வந்துவிட்டோம் என்று ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தபடி எல்லாப் பைகளையும் தடவிப் பார்த்தார். கண்டக்டரும் நல்ல மனசோடு விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா ஜன்னலுக்குக் கீழே நின்று மூச்சு வாங்க, "வாரேன்னு சொல்லிட்டுப் போங்கண்ணே" என்றார். அவர் சொன்னார். கண்டக்டரும் சேர்ந்து சொன்னார். பஸ்ஸில் முன்பாதி முழுக்கச் சிரித்தது.

எனக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அதுவும் தலைகீழாக. நான் அப்போது வாடிப்பட்டியிலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வந்து மதுரையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். பிராட்பேண்ட் வந்த புதிது. சந்துக்கு ஒரு பிரௌசிங் சென்டர், சென்டருக்கு நாலைந்து சீக்காளி கம்ப்யூட்டர்கள் என்று பிழைப்புக்குக் குறைவில்லை. முதல் நாள் வேலை முடித்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊரார் மாதிரியே பணிவாக "வாரேன்க்கா" என்றேன். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது.

"அடேய், நீ அதச் சொல்லாத. நீ வந்தா மிஷினு படுத்துருச்சுன்னு அர்த்தம். ஆஸ்பத்திரியிலருந்து கெளம்புறவன் டாக்டருகிட்ட வாரேன்னு சொல்லுவானா? போறேன்னு சொல்லிட்டு ஓடிரு."

அன்றிலிருந்து ஊரில் எல்லோருக்கும் "வாரேன்", எனக்கு மட்டும் "போறேன்". வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் படி இறங்கும்போது எனக்கு உள்ளே லேசாக ஒரு குறை இருக்கும்.

அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்காரர் கப்பலூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி வண்டியில் போனால் இருட்டியபின்தான் வருவார். கடை முழுக்க அக்காவின் பொறுப்பு. எஸ்டிடி பூத்தாக இருந்த இடத்தை ஆறு கம்ப்யூட்டர் போட்டு அவரேதான் சென்டராக மாற்றியிருந்தார். கல்லா மேசையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பொட்டுக்கடலை இருக்கும். நெட் மெதுவாக இருக்கும்போது வாடிக்கையாளர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும். கோபம் வந்தால் மட்டும் வீட்டு மொழிக்குப் போய்விடுவார். கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் அதன் தலையில் தட்டி அந்த மொழியில் நீளமாக ஏதோ சொல்வார். என்ன சொன்னீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். உனக்குப் புரியக்கூடாது என்றுதானே அதில் சொன்னேன் என்றார்.

அந்தக் கடைக்கு ஒரு பெருமை இருந்தது. பெண்பிள்ளைகள் பயமில்லாமல் தனியாக வந்து உட்காரும் கடை அது. மற்ற சென்டர்களில் மரத்தடுப்பு வைத்து, திரைச்சீலை போட்டு, உள்ளே யார் என்ன பார்க்கிறார்கள் என்று தெரியாதபடி வைத்திருப்பார்கள். அக்கா தடுப்பே வைக்கவில்லை. கல்லாவிலிருந்து ஆறு முதுகும் தெரியும். வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் தாய் தகப்பன்கள், "ஏதாச்சும் பாக்கணும்னா அந்த அக்கா கடையில போயிப் பாரு" என்றுதான் பிள்ளைகளை அனுப்புவார்கள்.

அந்தப் பெருமைக்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. டிகிரி முடித்துவிட்டு, வீட்டுக்குத் தெரியாமல் சென்னையில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். இன்டர்வியூவுக்கு வரச் சொல்லி மெயில் வந்திருந்தது. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே அவள் பஸ் ஹாரன் அடித்தது. எழுந்து "வாரேன்க்கா!" என்று சரியாகத்தான் கத்திவிட்டு ஓடினாள். ஆனால் மெயிலை மூடவில்லை. அதே நாற்காலியில் அடுத்து வந்து உட்கார்ந்தவர் அவள் ஊர்க்காரர். அந்த ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இடம்தானே அது. திரையில் தெரிந்த பெண்ணின் பெயரையும் சென்னை என்பதையும் படித்தார். சாயங்காலத்துக்குள் அது அவள் அப்பா காதுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் பெரிய ரகளை. இன்டர்வியூவுக்கு அனுப்பவில்லை.

அடுத்த வாரம் அவள் அம்மா கடை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். நான் அப்போது உள்ளே ஒரு கீபோர்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒங்க கடைய நம்பித்தான அனுப்புனோம். எம்புள்ள என்ன எழுதுச்சு, எவனுக்கு எழுதுச்சுன்னு ஊரே பேசுது. இப்பிடியா தெறந்து போட்டு வச்சிருப்பீங்க?"

அந்தப் பெண்ணும் அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். "என் மேலதான் தப்பு, நான்தான் மூடல" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னது அக்காவுக்கு இன்னும் வலித்திருக்க வேண்டும். அவர்கள் போனபின் பொட்டுக்கடலை டப்பாவை எடுத்து மேசைக்குள் வைத்துவிட்டார். எனக்கும் அன்று மனசே சரியில்லை. விஷயம் பஸ்ஸில் ஏறி ஊர் ஊராய்ப் போயிற்று. அந்த மாதத்தில் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். ஆறு முதுகும் ஆம்பிளை முதுகாகவே தெரிந்தது.

"தம்பி, எந்திரிச்சுப் போனா அவுக சங்கதி அம்புட்டையும் தொடைச்சு வச்சிர்ற மாதிரி ஒரு சிஸ்டம் இருக்கா?" என்று கேட்டார் அக்கா.

"லினக்ஸ்னு ஒண்ணு இருக்குக்கா. ஆளுக்கொரு ரூம் மாதிரி. நீங்க உள்ள வந்தா உங்க ரூம். நீங்க கெளம்புனா பெருக்கித் தொடைச்சு அடுத்தவுகளுக்குக் குடுக்குற மாதிரி செட் பண்ணிரலாம். வைரஸ் தொல்லையும் இருக்காது. யாருகிட்டயும் அனுமதி வாங்க வேண்டியதில்ல, நாமளே போட்டுக்கிறலாம்."

"லாட்ஜ் மாதிரியா?"

"லாட்ஜ் மாதிரிதான். ஆனா சாவியத் திருப்பிக் குடுத்தாத்தான் பெருக்குவாங்க. அதாவது கெளம்பும்போது ஒரு பட்டன அமுக்கிட்டுப் போகணும்."

"சொல்லிட்டுப் போகணும்ங்கிற. அதத்தான நானும் காலமெல்லாம் கத்துறேன்" என்றார்.

அப்படித்தான் அக்கா சிஸ்டம் பார்க்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வரும் சிடிக்களாக என்னிடம் நாலு வகை லினக்ஸ் இருந்தன. வேண்டியதை எடுத்துக்கொடுத்தால் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அக்கா ஜவுளிக்கடையில் சேலை எடுக்க உட்கார்ந்து பழகியவர். எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொன்னார். நாலு மிஷினில் நாலையும் ஏற்றினேன். நாலின் பெயரும் அவர் வாயில் நுழையவில்லை. உறைமேல் இருந்த படத்தை வைத்துத் தானே பெயர் வைத்தார். ஒன்று பல்லி, ஒன்று தொப்பி, ஒன்று மூணு பேர் கைகோத்தது, இன்னொன்று சுழி.

பல்லி பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வருகிறவர்கள் பல்லி முகத்தில் முழிக்க வேண்டுமா என்று கேட்டு ஒதுக்கிவிட்டார். மூணு பேர் கைகோத்ததை ரொம்பப் பிடித்திருந்தது. எங்களிடம் இருந்த பழைய மிஷினுக்கு அது கனமாக இருந்தது. நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தும் மிஷின் எழுந்திருக்கவில்லை. தொப்பியில் பிரிண்டர் மக்கர் செய்தது. நான் சுழிதான் நல்லது என்றேன். எங்கள் வாடிப்பட்டிப் பக்கத்தில் மாடு வாங்கும்போது சுழி பார்த்துத்தான் வாங்குவார்கள், இதற்குச் சுழி சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"மாடு வாங்கவா வந்துருக்கோம்? பிரிண்டு வருதான்னு பாரு" என்றார்.

பிரிண்டு வந்தது. நெட்டும் வந்தது. மெனுவெல்லாம் தமிழிலேயே வந்ததைப் பார்த்ததும் அக்காவுக்குப் பெரிய சந்தோஷம். எங்கோ இருக்கிற தமிழர்கள் பைசா வாங்காமல் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "புண்ணியவான்க" என்றார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இனிமே மிஷினுக்கு முன்னாடி பாத்துப் பேசு. அதுக்குத் தமிழ் புரியும்" என்று எச்சரித்தார். இப்படியாகச் சுழி வந்து உட்கார்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு ஆறு மிஷினிலும் அதைப் போட்டு முடித்தேன். பழையதிலேயே இருந்து தொலைத்திருக்கலாம் என்று திங்கட்கிழமை மத்தியானமே தோன்றிவிட்டது.

தினமும் அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மெயில் எழுத வருகிற ஒரு பெரியவர் உண்டு. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆர்ஐ சார் என்போம். எழுதி முடித்துவிட்டு, அக்கா சொல்லிக்கொடுத்தபடி ஓரத்தில் இருந்த பட்டனுக்குப் போனார். அங்கே "வெளியேறு" என்று இருந்தது. அமுக்கினார். திரை நடுவில் ஒரு பெட்டி வந்து, "நிச்சயமாக வெளியேற வேண்டுமா?" என்று கேட்டது. சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா இது? காசு குடுத்துத்தான உக்காந்திருக்கேன்? சர்வீஸ்ல இருந்தப்ப நான் எத்தன பேருக்கு வெளியேறுன்னு நோட்டீஸ் ஒட்டிருக்கேன். எனக்கே ஒட்டுதா இது?"

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அக்கா பின்னால் ஓடியும் பலனில்லை. "வாரேன்" என்று அவர் அன்று சொல்லவே இல்லை. மற்றவர்கள் கோபப்படவில்லை, ஆனால் அவர்களும் அந்தப் பட்டனைத் தொடவில்லை. ஒரு பையன் அது கடைக்காரர்களுக்கான பட்டன் என்று நினைத்தானாம். இன்னொருவர் அதை அமுக்கினால் இனிமேல் தன்னை உள்ளே விடாது என்று பயந்தார். பஸ் ஹாரன் அடித்ததும் பழையபடி எழுந்து ஓடினார்கள். திரையில் அவரவர் மெயில் பப்பரப்பா என்று திறந்தே கிடந்தது.

பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாகவே மூடிக்கொள்கிற மாதிரி வைத்துவிடலாம் என்றேன்.

"பத்து நிமிசம் எவன் காலியா விடுவான்? இவுக எந்திரிக்கிறதுக்குள்ள அவுக உக்காந்துர்றாக" என்றார் அக்கா. அவர் சொன்னதும் சரிதான். மீதிச் சிடிக்களில் பட்டன் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பல்லியும் வெளியேறு என்றது, தொப்பியும் வெளியேறு என்றது, கைகோத்து நின்ற மூணு பேரும் வெளியேறு என்றார்கள்.

அக்கா திரையில் அந்தப் பட்டனைத் தொட்டுக் காட்டினார். பிறகு கேட்டார்.

"தம்பி, வீட்டுக்கு வந்தவுகள வெளியேறுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

"அது சும்மா ஒரு வார்த்தைக்கா."

"சும்மா வார்த்தைன்னா மாத்து."

"என்னது?"

"போயிட்டு வாரேன்னு மாத்து. மாத்த முடியுமா முடியாதா? முடியாதுன்னா பழசையே போட்டுரு. அதுவும் மாத்த விடாது, இதுவும் மாத்த விடாதுன்னா இம்புட்டுக் கஷ்டம் எதுக்கு?"

அன்றுவரை நான் லினக்ஸைப் பற்றி அவரிடம் வைரஸ் வராது, செலவு இல்லை, பழைய மிஷினில் ஓடும் என்று என்னென்னவோ சொல்லியிருந்தேன். எதுவும் அவரை இந்த அளவுக்கு அசைக்கவில்லை. ஒரு பட்டனில் இருக்கும் ஒரு வார்த்தையை மாற்ற முடியுமா என்பதில் கடையே நின்றது. முடியும் என்று வாய் சொல்லிவிட்டது. எப்படி என்று எனக்குத் தெரியாது. ரெண்டு நாள் தேடிப் படித்துக்கொண்டு வந்தேன். மொழிபெயர்த்த சொற்களையெல்லாம் வரிசையாக வைத்திருக்கும் கோப்பு ஒன்று இருந்தது. அதைத் திறந்து மாற்றி, திரும்ப உள்ளே வைத்தால் போதும். கோப்பின் பெயர் இங்கிலீஷில் டி ஏ புள்ளி பி ஓ. தமிழுக்கு டி ஏ, அந்த வகைக் கோப்புக்குப் பி ஓ. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"தா... போ." நிமிர்ந்து பார்த்தார். "தா, போ! கடைக்காரன் பேசுற பேச்சாவுல்ல இருக்கு. துட்டத் தா, எந்திரிச்சுப் போ!"

அந்த அம்மா வந்து போன நாளிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டப்பாவை மேசைக்குள்ளிருந்து எடுத்து வெளியே வைத்தார்.

மாற்ற வேண்டிய சொல்லை "போய் வருகிறேன்" என்று எழுதலாமா என்று கேட்டேன். எழுத்தில் அதுதானே முறை என்றேன்.

"அப்பிடிப் போட்டா படிப்பாக. அமுக்க மாட்டாக. வாரேன்னே போடு."

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. கோப்பில் இருக்கும் ஒவ்வொரு "வெளியேறு"வையும் தேடித் தேடி மாற்ற யாரால் முடியும் என்று, எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டேன். பட்டன் அழகாக "போயிட்டு வாரேன்" என்று வந்தது. அடுத்த நாள் ஒரு மிஷினில் ஏதோ ஒன்று நின்றுபோய் ஒரு அறிவிப்பு வந்தது. முறைப்படி அது "நிரல் பிழையினால் வெளியேறுகிறது" என்று வரவேண்டும். இப்போது என்ன வந்திருந்தது தெரியுமா?

"நிரல் பிழையினால் போயிட்டு வாரேன்கிறது."

அதைக் கண்ட காலேஜ் பையன்கள் ரெண்டு பேர் நாற்காலியிலிருந்து விழாத குறை. "மாப்ள, பிழைய வச்சுக்கிட்டு வாரேங்குதுடா!" நான் பதறிப்போய் உடனே திருத்திவிடுகிறேன் என்றேன். அக்கா திரையை நன்றாகப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார்.

"விடுடா. சாகும்போதும் மரியாதையாச் சொல்லிட்டுத்தான போகுது."

அது கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

பட்டனோடு நிற்கவில்லை. "நிச்சயமாக வெளியேற வேண்டுமா?" என்ற கேள்வியையும் அக்காவே உட்கார்ந்து மாற்றினார். "எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?" என்று அது கேட்டது. அதைப் படித்தவர்கள் நாற்காலிக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள். குடை, டிபன் பாக்ஸ், மார்க் ஷீட் கவர் என்று கடையில் மறந்து வைத்துப் போவது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பட்டனை அமுக்குகிறவர்கள் வாயாலும் ஒருமுறை "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார்கள். அமுக்கியதும் உள்ளே எல்லாம் துடைத்துப் போடப்பட்டு, திரையில் "வாங்க" என்று மட்டும் நிற்கும். ஆர்ஐ சார் விஷயம் கேள்விப்பட்டு ஒரு வாரம் கழித்து வந்தார். அமுக்கினார். கேள்வியைப் படித்துவிட்டு, பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"இப்பத்தான் மனுசன் பேசுற மாதிரி பேசுது" என்றார்.

சந்தோஷம் தாங்காமல் அக்கா, இந்தச் சொல்லை எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்று, மொழிபெயர்க்கிற புண்ணியவான்களுக்கு ஒரு மெயில் போட்டார். பதில் மிக மரியாதையாக வந்தது. "வெளியேறு" என்பதே பொருத்தமான கலைச்சொல் என்றும், வட்டார வழக்கைப் பொதுப் பயன்பாட்டில் சேர்க்க இயலாது என்றும் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அக்கா ஒரே வரியில் பதில் போட்டார். "ஐயா, நீங்கள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது உங்கள் வீட்டம்மாவிடம் வெளியேறுகிறேன் என்றா சொல்வீர்கள்?" அதற்குப் பதில் வரவில்லை. நான்தான் கொஞ்சம் கோபப்பட்டேன். அக்காவுக்குக் கோபமே இல்லை.

"அவுக வேல பாக்குற எடத்துல அவுக வார்த்தை இருக்கட்டும். நம்ம கடையில நம்ம வார்த்தை. ரெண்டுக்கும் எடம் இருக்குல்ல, அது போதும்."

இத்தனைக்குப் பிறகும் அந்தப் பெண் வரவில்லை. அக்கா வாடிப்பட்டி பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். என்னிடம் கேட்கவும் கேட்பார். எங்கள் ஊர்ப் பக்கம்தானே, ஏதாவது தெரியுமா என்பார். சென்னைக்காரர்கள் அவளை விடாமல் இன்னொரு முறை கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், வீட்டில் அழுது அடம்பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றும் மட்டும் கேள்விப்பட்டேன். சொன்னேன். அடுத்த வாடிப்பட்டி பஸ்ஸுக்கும் அக்கா எட்டிப் பார்த்தார்.

ஒரு நாள் வந்தாள். தனியாக இல்லை. முன்னால் அவள் அம்மா. வாசலில் நின்று சத்தம் போட்ட அதே அம்மா, அதே வாசலில் ஒரு நிமிடம் தயங்கி நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"லெட்டர் வந்துருக்காம். அதப் பேப்பர்ல எடுக்கணுமாம். நானும் கூடவே உக்காருவேன். என்னா எழுதுறாகன்னு நானும் பாக்கணும்" என்றார். கோபமாகச் சொல்கிறாரா பயந்து சொல்கிறாரா என்று தெரியவில்லை.

அக்கா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஓர மிஷினுக்குப் பக்கத்தில் போட்டார். "உக்காருங்கம்மா."

அம்மாவும் மகளும் சேர்ந்து மெயிலைப் படித்தார்கள். மகள் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டினார். பிரிண்டு எடுத்தார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் மவுஸைப் பிடித்துப் பட்டன்மேல் கொண்டுபோய் வைத்தாள். வைத்தவள் அமுக்காமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய் எழுத்துக்கூட்டினார். "போ... யிட்டு... வாரேன்." ஒரு தரம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகளின் கையின்மேல் தன் விரலை வைத்து அவரே அமுக்கினார். எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா என்றது. பேப்பரை மடியில் தடவிப் பார்த்துக்கொண்டு "ஆமா" என்று மிஷினுக்குப் பதில் சொன்னார்.

"வாங்க" என்று திரை நின்றதும் அந்தப் பெண் எழவில்லை. மறுபடி உள்ளே நுழைந்து, தன் மெயில் எங்காவது தெரிகிறதா என்று எல்லா இடத்திலும் தேடினாள். ஒரு தடயமும் இல்லை. "அம்மா, பாரு, ஒண்ணுமே இல்ல" என்று அம்மாவின் தோளைப் பிடித்து ஆட்டினாள். அம்மா எழுந்து படிவரை போய், அங்கிருந்து திரும்பி, "வாரேன் தாயி" என்றார். அக்கா "வாங்கம்மா" என்றுதான் சொன்னார். அவர்கள் போனதும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது என்று என்னிடம் பொய் சொன்னார்.

அந்த அம்மா சத்தமாகத் திட்டியது எத்தனை ஊருக்குப் பரவியதோ, அவர் கையால் பட்டன் அமுக்கிய கதையும் அத்தனை ஊருக்குப் பரவியது. பெண்பிள்ளைகள் திரும்ப வர ஆரம்பித்தார்கள். மத்தியான நேரத்தில் இடம் கிடைக்காமல் படியில் உட்கார்ந்து பொட்டுக்கடலை தின்றுகொண்டு காத்திருந்தார்கள். அந்தப் பெண் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். லீவில் வரும்போதெல்லாம் பஸ் மாறுகிற இடைவெளியில் கடைக்கு வந்து, மெயிலே பார்க்காமல், சும்மா ஒருமுறை உள்ளே நுழைந்து பட்டனை அமுக்கிவிட்டுப் போவாள்.

இதில் நஷ்டப்பட்டவன் நான் ஒருவன்தான். அந்தச் சிஸ்டம் படுக்கவே மாட்டேன் என்றது. வைரஸ் இல்லை, அடிக்கடி நின்றுபோவது இல்லை, வாரம் ஒருமுறை திரும்ப ஏற்ற வேண்டியதில்லை. என் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். முன்பு வாரத்துக்கு ரெண்டு தடவை போன கடைக்கு மாதம் ஒருமுறை மவுஸுக்கு உள்ளே தூசி தட்டப் போனால் பெரிது. அப்போதும் கிளம்பும்போது மறக்காமல் "போறேன்க்கா" என்பேன். அக்காவும் மறக்காமல் "ஓடிரு" என்பார்.

பார்த்த வேலையே எனக்கு வேறு வழியும் காட்டியது. லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கேட்டார்கள். எழுதிப் போட்டேன், கிடைத்துவிட்டது. கிளம்புகிற அன்று பஸ் ஏற ஆரப்பாளையம் வந்தபோது, துணிப் பையோடு கடைக்குள் நுழைந்தேன். அக்கா ஆறு மிஷினையும் ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

"யாரு ஒன்னயக் கூப்புட்டா?"

விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. கம்பெனி எப்படி, தங்க இடம் இருக்கிறதா, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கம்பெனி அனுப்பிய மெயிலை இன்னொருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர மிஷினில் உட்கார்ந்தேன். அத்தனை நாளில் அந்தக் கடையில் திரைக்கு முன்னால் வாடிக்கையாளனாக நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பார்த்து முடித்துப் பட்டனை அமுக்கினேன். எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா என்று கேட்டது. அந்தக் கேள்வியை என் கையால் எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்து அது கேட்டதில்லை. நானும் மற்றவர்களைப் போல நாற்காலிக்குக் கீழே குனிந்து பார்த்தேன்.

வெளியே கோயம்புத்தூர் பஸ் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "சரி, போறேன்க்கா" என்று படி இறங்கினேன்.

"அடேய், நில்லு."

அக்கா கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஸ்க்ரூடிரைவர் கொண்டாந்துருக்கியா?"

"இல்லக்கா. வீட்டுல வச்சிட்டேன்."

"மிஷினப் பாக்கவா வந்த?"

"இல்ல."

"அப்ப என்னா போறேன்ங்கிற? ஒழுங்காச் சொல்லு."

ஹாரன் மறுபடி அடித்தது. கடைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஊரில் ஒவ்வொருவனும் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த வார்த்தை எனக்கு லேசில் வரவில்லை.

"போயிட்டு வாரேன்க்கா."

"ம். வா" என்றார்.